சிறிதேவியின் பொட்டு

என் தம்பி பிலேந்திரன் இறந்துவிட்டான் என்ற செய்தி நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் இருந்து வந்தது. அங்கே வசிக்கும் எங்கள் ஊர்ச் சற்குணத்துக்கு, வன்னியில் இருக்கும் அவருடைய தமையன் சொன்னாராம்: எறிகணை விழுந்த இடத்தில் பிணங்களை ஏற்றிப்போன உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் பிலேந்திரனையும் கண்டதாக. 2009 சித்திரை மாதம் அது.

சிறிதேவி அவனுடைய மனைவி. சமாதான காலத்தில் ஒஸ்லோவிலிருந்து போய்க் கிளிநொச்சியில் அவனைக் கட்டினாள். விசா வருவதற்குள் பாதை பூட்டுப்பட்டு, அவன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான்.

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வந்தார்கள். சிறிதேவி பொட்டோடும் தாலியோடும் சோபாவில் இருந்தாள். அழவில்லை. வந்தவர்களில் மூத்தவரான மனோன்மணியக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"நாலு சனம் பார்க்குது. நீதானே அவன்ரை தமக்கை. நீதான் அவளின்ரை பொட்டை அழிக்கவேணும். அவனுக்குப் பிடிச்சதெல்லாம் படைச்சு எட்டுச் செலவு செய்யவும் நாள் பார்க்கவேணும்."

ஊரில் என் கணவர் விமானக் குண்டில் செத்தபோது, உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே என் நெற்றியைத் துடைத்துவிட்டார்கள். யார் துடைத்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த ஈரத்துணியின் குளிர் மட்டும் நினைவிருக்கிறது.

"உடம்பை ஆரும் கிட்டப்போய்ப் பார்த்தவையோ அக்கா?"

"பெட்டியிலை கண்டதெண்டு சொல்லினமே."

"அப்ப என்னாலை ஏலாது."

சிறிதேவிக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும். எழுந்து சப்பாத்தைப் போட்டாள்.

"மச்சாள், நான் பாராளுமன்றத்தடிக்குப் போறன். வாறியளோ?"

நோர்வே தலையிடவேண்டும், போரை நிறுத்தவேண்டும் என்று எங்கள் சனம் அதன் முன்னால் பகல் முழுக்க நின்ற நாட்கள். நானும் கூடப் போனேன். அங்கே சிறிதேவி ஒரு பதாகையைப் பிடித்தாள். அவள் நெற்றியைப் பார்த்து இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். என் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான் எமிலி. திருகோணமலை ஆசுபத்திரியில நேர்ஸ். செஞ்சிலுவைக் கப்பல்ல வந்த ஒருத்தர் உங்கட நம்பரையே சொல்லிக்கொண்டு கிடக்கிறார். குடுக்கிறன்."

"அக்கா..." தம்பியின் குரல்.

"டேய், நீ செத்திட்டாயெண்டு..."

"பிணமெண்டுதான் ஏத்தினவங்கள். இறக்கேக்கை முனகினனாம். ஒரு கால் இல்லை அக்கா."

"இஞ்சை உன்ரை எட்டுச் செலவுக்கு நாள் பார்க்கினமடா."

அவன் கேட்டான்: "கணவாய்க் கறியும் வைப்பியளோ?"

தொலைபேசியைச் சிறிதேவியிடம் நீட்டினேன். அவள் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னாள். இணைப்பு அறுந்த பிறகுதான் அழுதாள். முகத்தைத் தேய்த்ததில் குங்குமம் கன்னம்வரை இழுபட்டது.

எங்களுக்குப் பின்னாலேயே வந்திருந்த மனோன்மணியக்கா கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து, அவள் முகத்தைத் துடைத்து வைத்துவிட்டார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார்.

நானும் சிறிதேவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சிரியுங்கோ. வா பிள்ளை, வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

"நீங்கள் போங்கோ அக்கா" என்றாள் சிறிதேவி, பதாகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "கப்பலிலை இடமில்லாமல் அங்கை விட்டிட்டு வந்த சனம் கனக்கவாம், அவர் சொன்னவர். நான் இன்னும் கொஞ்சம் நிண்டிட்டு வாறன்."