செத்தவர்களின் துப்பாக்கிகள்

1

தம்பி குடையைத் தவிர வேறு எதையும் கையில் பிடித்தவன் இல்லை என்று எழுத இந்தப் படிவத்தில் ஏன் இடம் விடவில்லை?

இது என் கதையில் வரும் ஞானாம்பிகை மனத்துக்குள் கேட்டது. வாய்விட்டுக் கேட்கவில்லை. இந்தக் கதையும் நானாக எழுத நினைத்ததல்ல. பினாங்கு பிட் ஸ்திரீட்டில் பத்திரிகை நடத்தும் காஜா மொய்தீன் கேட்டார். "புதுத் துப்பாக்கிச் சட்டத்தால டவுன்ல சுடுறது குறையுமா, குறையாதா? பெண் மனசுல நின்னு எழுதுங்கக்கா. கடைசி வரியில பதில் வந்துரணும் லா."

அரசாங்கம் கமிட்டி வைத்துத் தேடும் பதிலை நான் முக்கால் பக்கத்தில் தர வேண்டும். பெண் மனசுக்கு அவ்வளவுதான் இடம். மீதியில் தைல விளம்பரம்.

2

முதல் தொடக்கம்: "நிலவொளியில் அந்தக் கைத்துப்பாக்கி பளபள"

வேண்டாம். அது பகல் பதினொரு மணி. துப்பாக்கி பழைய தலையணை உறைக்குள் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: ஞானாம்பிகையின் கணவர் விநாசித்தம்பி, துப்பாக்கி லைசென்ஸ் எழுதும் அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை அன்பளிப்பாகக் கொடுத்த கைத்துப்பாக்கியை ஆறு வருஷமாக லைசென்ஸ் இல்லாமல் அலமாரியில் வைத்திருந்தார். (ஊருக்கெல்லாம் எழுதிக் கை ஓய்ந்திருக்கும்.)

சட்டம் இறுகியது. சனிக்கிழமைக்குள் ஒப்படைத்தால் தண்டனை இல்லை. ஆனால் யாருடையது என்று எழுதித் தர வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே பதில்தான்: மாமனாருடையது, காலமாகிவிட்டார், பெரியப்பாவுடையது, அவரும் காலமாகிவிட்டார். விநாசித்தம்பியின் பதிவேட்டை நம்பினால், ஜார்ஜ் டவுனில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் செத்தவர்கள்.*

* ஊரில் சுடுவதே தொழிலான ரகசியச் சங்கத்தார் ஒருவரும் வரவில்லை. அவர்கள் வீடுகளில் சாவே விழவில்லை போலும்.

3

ஞானாம்பிகைக்கும் ஒரு செத்தவன் இருந்தான். தம்பி தியாகராஜா. இரண்டு வருஷத்துக்கு முன் இரு ரகசியச் சங்கங்கள் தெருவில் சுட்டுக்கொண்டபோது, மழைக்குக் கடையோரம் ஒதுங்கி நின்று குண்டடிபட்டவன். அவன் கையிலிருந்த குடையைப் போலீஸ் கொண்டுபோய், விசாரணை முடிந்ததும் காம்பில் ஒரு சீட்டைக் கட்டித் திருப்பித் தந்தது. சீட்டோடு அது இன்னும் கதவோரம் தொங்குகிறது.

அன்று சனிக்கிழமை. பன்னிரண்டுக்கு அலுவலகம் மூடிவிடும்.

"இஞ்சை பாரும், ஒரு கையெழுத்துத்தானே," என்றார், அலுவலகத்திலிருந்து படிவத்தோடு ஓடிவந்த விநாசித்தம்பி. "உம்மடை தம்பியின்ரை சாமான், இப்பதான் பெட்டிக்குள்ளை கண்டனான் எண்டு எழுதிவிடும்."

"அவன் இதைக் கண்ணாலையும் காணேல்லை."

"செத்த ஆளை ஆர் பிடிச்சு மறியல்லை போடப்போறான்? என்ரை பேரிலை எழுதினால் வேலை போயிடும். பென்சனும் போயிடும்."

"துவக்கு வைச்சிருந்தவன்தானே, சுட்டது ஞாயம் எண்டு நாளைக்கு ஆரும் சொன்னால்?"

"ஆர் அந்தப் புத்தகத்தைப் பாக்கப்போறான்? நான்தானே பாக்கிறது."

[இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். அழவில்லை. "ஊரின் நன்மைக்காகக் கையெழுத்திட்டாள், அன்று முதல் பினாங்கில்" என்று எழுதி, அடித்துவிட்டேன்.]

4

சட்டமே வேண்டாம் என்கிறேனா? தம்பியைச் சுட்டவன் கை வெறுங்கையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஞானாம்பிகை நினைக்காத நாளில்லை. சட்டம் இறுகட்டும் என்றுதான் அவளும் இருந்தாள். இறுகிய சட்டம் முதலில் தன் தம்பியைத் தேடி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

முடிவுகள் கைவசம் உண்டு. ஒன்றில் அவள் கையெழுத்திடுகிறாள். ஊரில் ஒரு துப்பாக்கி குறைந்ததாக அறிக்கை வருகிறது. செத்து இரண்டு வருஷம் கழித்துத் தியாகராஜா துப்பாக்கிக்காரன் ஆகிறான். இன்னொன்றில் அவள் தலையணை உறைக்குள் கையை விட்டு

அதையும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

விநாசித்தம்பி பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். கடைசி வரிக்காகக் காஜா மொய்தீனும் நானும் அவருக்குப் பின்னால் காத்து நின்றோம்.

ஞானாம்பிகை பேனாவை வாங்கி, நிப்பைத் துடைத்து வைத்துவிட்டு, மைக்கூட்டை மூடினாள்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ," என்றாள். "வெளியிலை நல்ல வெயில். வேணுமெண்டால் தம்பியின்ரை குடையை எடுங்கோ."