ஜெபாவுக்குச் சொன்ன படம்

அன்று சாயங்காலம் பிரசன்னாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவன் குடியிருந்த கள்ளிக்குப்பத்து அடுக்ககத்தின் மொட்டை மாடியில் அசோசியேஷன்காரர்கள் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தான். திண்டுக்கல்லிலிருந்து அம்மா ராத்திரி ரயிலேறுகிறாள். காலையில் வந்து இறங்கி ஜெபாவைப் பார்க்கப் போகிறாள்.

மதம் வேறு என்பதற்கே அம்மா மாதக்கணக்கில் அழுதாள், பேசாமல் இருந்தாள், கடைசியில் 'உன் இஷ்டம்டா' என்று இறங்கி வந்தாள். இறங்கி வந்தவளிடம் இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஜெபாவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அதை மட்டும் இவன் சொல்லவில்லை. அனுப்பிய போட்டோகூட அவள் கண்ணை மூடிச் சிரிக்கிற போட்டோவாகப் பார்த்து அனுப்பியது. ஜெபா கேட்டபோது, "எல்லாம் சொல்லியாச்சு" என்று புளுகிவிட்டான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, இப்போது தள்ளுவதற்கு நாளை இல்லை. நல்ல பிள்ளைதான். ஆனால் கசப்பானதை வாயில் போட்டால் முழுங்கவும் மாட்டான், துப்பவும் மாட்டான்.

ஜெபா அம்பத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். சினிமா என்றால் உயிர். தியேட்டரில் வசனமும் பாட்டும் முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும். மீதியைப் பிரசன்னா அவள் காதோரம் கிசுகிசுப்பான். அவர்கள் காதலே அப்படி வளர்ந்ததுதான்.

அசோசியேஷன் செயலாளர் நாகேந்திரனுக்குப் பழைய படப் பைத்தியம். மாதம் ஒரு படம் போடுவார். இந்த மாதம் பேசாப் படம். ஊரெல்லாம் பேசும் படம் வந்த பிறகும், நான் பேச மாட்டேன் போ என்று ஒரு பிடிவாதக்காரர் எடுத்த காதல் சிரிப்புப் படமாம். ஓடத் தொடங்கியதுமே இரண்டு பேர் எழுந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார்கள். பியானோ மட்டும் டொய்ங் டொய்ங் என்றது.

"இன்னிக்கு முழுப் படமும் உன் தலையில" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபா சிரித்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் ஜோராகத்தான் சொன்னான். கதாநாயகன் கயிற்றில் தொங்கி ஜன்னல் கண்ணாடி துடைக்கிறவன். உள்ளே டெலிபோன் ஆபீஸில் ஒரு பெண் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்ததும் இவன் கையிலிருந்த வாளி கீழே நின்ற போலீஸ்காரர் தலையில் கவிழ்கிறது. மாடியே சிரித்தது, ஜெபாவும் சிரித்தாள்.

அப்புறம் அந்தப் பெண் வேலை முடிந்து எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே மூலைக்குப் போனாள். அங்கே சாத்தியிருந்த வெள்ளைக் கோலை எடுத்துத் தட்டித் தட்டி நடந்தாள்.

பிரசன்னாவின் கிசுகிசுப்பு அங்கேயே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜெபா.

"வேலை முடிஞ்சு... குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறா."

அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானமாவது, மண்ணாவது! காலையில் வரப்போகிற ரயில் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சொல் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குடை வந்தது, கதை தடம் புரண்டது. கதாநாயகன் அவள் எதிரே தொப்பியைக் கழற்றிக் குனிகிறான், குட்டிக்கரணம் போடுகிறான். அவள் பாட்டுக்குப் போகிறாள்.

"ஏன் அவ கண்டுக்கல?"

"திமிரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"அவன் வழுக்கி விழுந்துட்டான்."

அடுத்த சிரிப்பும் எழுந்தது. "இப்பத்தானே விழுந்தான்?"

"மறுபடியும்."

பாவம், படத்தில் ஒரு தடவையும் விழாத அந்த மனுஷனைப் பிரசன்னா விழவைத்துக்கொண்டே இருந்தான்.

முன்வரிசையில் எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். இந்தக் கட்டடம் நிற்கிற இடம் அவள் மாமனார் நெல் போட்ட நிலம். இப்போது கீழ்த்தளத்து ஃபிளாட்டில் இருக்கிறாள். சீரியலானாலும் சினிமாவானாலும் திரையோடு பேசாமல் அவளுக்குப் பார்க்கத் தெரியாது.

"அட கஸ்மாலம், அந்தப் பொண்ணுக்குத்தான் கண்ணு தெரியாதே! அது முன்னால நின்னுகினு இன்னா கூத்து காட்டிக்கினு கீறான் பாரு!"

யாரோ உஷ் என்றார்கள். எல்லம்மா திரும்பினாள், ஜெபாவைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெபாவின் கை பிரசன்னாவின் கையிலிருந்து விலகி அவள் மடிக்குப் போனது.

"குடையா?" என்றாள்.

"இல்ல. ஸ்டிக்."

"எதுக்கு மாத்துன?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியும் பிரசன்னா."

அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அம்மாகிட்ட சொன்ன கதையில நான் எப்படி இருக்கேன்? குடை வெச்சிருக்கேனா?"

பொய் சொல்லவும் இப்போது தெம்பில்லை. அவன் சும்மா இருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. எழுந்துவிட்டாள்.

எல்லம்மா அவள் கையைப் பிடித்தாள். "கண்ணு, தப்பா நெனச்சுக்காதம்மா. எனக்கு ஓட்டை வாயி."

"நீங்க ஒருத்தங்கதாம்மா ஒழுங்கா சொன்னீங்க."

தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்கு வந்ததும் ஜெபா நின்றாள். "அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல."

"இப்பவா? கிளம்பிட்டு இருப்பாங்க ஜெபா. காலைல நேர்லயே..."

"ரயில் ஏறுறதுக்கு முன்னாடி தெரியணும். தெரிஞ்சு வரட்டும். இல்ல, வராம இருக்கட்டும். இங்க வந்து என் மூஞ்சி முன்னாடி நின்னு அவங்க தெரிஞ்சுக்க வேணாம்."

போட்டான். அம்மா எடுத்த எடுப்பிலேயே சந்தோஷமாகப் பேசினாள்.

"சொல்லுடா! முறுக்கு, அதிரசம் எல்லாம் கட்டியாச்சு. அந்தப் பொண்ணுக்குப் புடவை ஒண்ணு எடுத்திருக்கேன், மாம்பழக் கலர்ல. போட்டோவுல பார்த்த நெறத்தை வெச்சுத்தான் எடுத்தேன். பார்த்தா அவளுக்குப் பிடிக்கும்ல?"

ஜெபாவின் முகம் அசையவில்லை. பிரசன்னா கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, ஜெபாவுக்குக் கண்ணு தெரியாது. பொறந்ததுலேர்ந்தே. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது. பின்னால் மாடிக் கூட்டம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது.

"அவ பக்கத்துல இருக்காளா?" அம்மாவின் குரல் மாறியிருந்தது.

"இருக்கா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

"ஸ்பீக்கரை அணைச்சுட்டு அவகிட்ட குடு. நீ தள்ளிப் போ. உன்கிட்ட எனக்கு ஒரு பேச்சும் இல்ல."

கொடுத்தான். ஜெபா போனைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். அவன் தள்ளிப்போய் நின்றான். ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கலாமா என்றிருந்தது. எந்த முகத்தோடு பிடுங்குவது?

எல்லம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு இருட்டுல சரியா தெரில நைனா. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது?"

பிரசன்னா ஜெபாவையே பார்த்தபடி சொன்னான். "பேசுறா. நிறுத்திட்டா. அம்மா ஏதோ சொல்றாங்க போல, கேக்குறா. கண்ணைத் துடைக்கிறா. இல்ல... தோள் குலுங்குது, சிரிக்கிற மாதிரி இருக்கு."

"சிரிக்குதா, அழுவுதா?"

"தெரியலைம்மா" என்றான். "எனக்கு ஒண்ணும் கேக்கல."