பால்பொடி டின்னில் இருபது சீட்டு

சுஜித்திடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனக்குப் பிடித்தது நாலு பேருக்கும் பிடித்தே தீர வேண்டும். பெங்களூரில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி, ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்தபோது அவன் பெட்டியில் இருந்தது முந்நூற்று இருபது பக்கத்தில் ஒரு விளையாட்டுப் புத்தகம். செங்கல் கனம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ‘நான் மதில் ஏறுகிறேன்’, ‘நான் பூதத்தோடு பேசிப் பார்க்கிறேன்’ என்று வாயாலேயே கதையை நடத்துவார்கள். ஏறினாரா விழுந்தாரா என்று தீர்ப்புச் சொல்ல இருபது முகப் பகடை ஒன்று. அவ்வளவுதான் விளையாட்டு. அந்த அவ்வளவுதானைச் சொல்லத்தான் முந்நூற்று இருபது பக்கம்.

2014-இல் ஞாயிறு மத்தியானங்களில் அவன் வீட்டு மாடியில் கூடியவர்கள் நாலு பேர். மனைவி தன்யா, பள்ளிக்கூட டீச்சர். தபாலாபீஸ் குமாஸ்தா ஞானதாசன். சுஜித்தோடு பத்தாங்கிளாஸ் வரை ஒரே பெஞ்சில் இருந்த ஷிஜின். மஸ்கட்டிலிருந்து வந்து மணவாளக்குறிச்சியில் ஏ.சி. ரிப்பேர் கடை போட்டிருந்தான். அப்புறம் ஷிஜினுடைய மனைவி ஷீஜா.

சொல்லப்போனால் கூட்டமே ஷீஜாவுக்காகத்தான். கல்யாணம் முடிந்து எட்டு வருஷம், குழந்தை இல்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கருவை உள்ளே வைத்துப் பார்த்தாகிவிட்டது, இரண்டும் நிற்கவில்லை. இரண்டாவது கலைந்த பிறகு ஷிஜின் போனில் சொன்னான்: “ஞாயிற்றுக்கெழம பூசைக்குப் போனா ஊரு முழுக்க அவளுக்க வயித்தத்தான் பாக்குது மக்கா. மத்தியானமாவது எங்கயாவது கூட்டிட்டுப் போணும். அவ சிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சி.” வாரத்தில் மூன்று மணி நேரம் அந்தப் பெண் எல்லாவற்றையும் மறந்து சிரிக்க வேண்டும் என்று சுஜித் அன்றைக்கே நினைத்துக்கொண்டான். நினைத்தது சரி. அதற்கு அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் கூத்து.

முதல் ஞாயிறு முழுக்க படிவம் நிரப்புவதிலேயே போயிற்று. வேஷம் போடுகிறவனுக்கு எத்தனை பலம், எத்தனை புத்தி, கோடாரி எத்தனை எடை, தூக்கிக்கொண்டு ஓடினால் எத்தனை அடி.

“ஏலே, ரேஷன் கார்டுக்குக்கூட இத்தன கேள்வி கேக்க மாட்டானுவடே. சாட்சிக் கையெழுத்து எங்க போடணும்?” என்றான் ஞானதாசன். ஷிஜின் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். ஷீஜா பகடையில் விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, இன்னொன்றைக் கழித்து, தப்பாகிவிடுமோ என்று சுஜித்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு டாக்டர் முகத்தைப் பார்ப்பாளே, அதே பார்வை.

சரி, எளிதாக்குவோம் என்று சுஜித் இறங்கினான். இணையத்தில் தேடி இருபது பக்க விதி ஒன்றைப் பிடித்தான். அதற்கும் கொட்டாவி விட்டார்கள். பிறகு ஒரே பக்கம், சாதாரணத் தாயப் பகடை. அதிலும் கூட்டல் கழித்தல் இருந்தது. கடைசியில் தன்யாதான் பொறுமை இழந்தாள்.

“டீச்சருக்கு ஞாயிற்றுக்கெழமையும் கணக்கா? நடக்குமா நடக்காதா, இதுதான கேள்வி? சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டா என்ன கொறஞ்சு போவும்?”

அருமையான யோசனை! தன்யாவிடமிருந்த பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்து இருபது சீட்டு எழுதினான். பத்தில் ‘நடக்கும்’, பத்தில் ‘நடக்காது’. எடுத்த சீட்டைப் படித்துவிட்டுத் திரும்ப மடித்துப் போட்டுவிட வேண்டும். மஸ்கட்டிலிருந்து வந்த பால்பொடி டின் ஒன்றை ஷீஜா கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்தாள். முதல் சீட்டு எடுப்பதற்கு முன் அவள் கை தன்னாலே சிலுவை போட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“பழக்கம் அண்ணா. எங்க ஊர்ல எது தீராட்டாலும் கோயில்ல மாதா முன்னால சீட்டுத்தான். சுனாமி வீடு குடுத்தப்பவும் அப்பிடித்தான். அம்மைக்கு வந்தது கடைசி வீடு, கக்கூஸ் தொட்டிப் பக்கம். மாத்தித் தாறோம்னு ரெண்டு பேரு வந்தாவ. மாதாகிட்ட கேட்டு வாங்கினத மாத்தக் கூடாதுன்னு அம்மை ஒரே பிடி. இப்பவும் அந்த வீட்டுலதான் இருக்கா.”

இதைக் கேட்டபோதாவது சுஜித்துக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் அத்தையும் கல்யாணம் காரியம் எதுவென்றாலும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவள்தான்; சிவப்புப் பூப் பொட்டலம் வந்தால் சரி, வெள்ளை வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே ‘இல்லை’ என்று ஆள் போய்விடும். ஆனால் படித்தவனுக்குத் தன் விளையாட்டு நன்றாக நடந்தால் போதுமே. அதை வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டான்.

விளையாட்டும் நன்றாகத்தான் நடந்தது. ஒரே சங்கடம். அன்றைக்கு ஷீஜா எடுத்ததில் நாலு தொடர்ந்து ‘நடக்காது’. நாலாவதில் அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எல்லோரும் போன பிறகு தன்யா பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ள ஆஸ்பத்திரியில கேக்கது போதாதா? இங்க வந்தும் இல்ல, இல்லன்னுதான் கேக்கணுமா? மனுசனா நீங்க?”

நியாயம்தான் என்று பட்டது. மறுவாரம் ஒருவருக்கும் சொல்லாமல், தன்யாவுக்கும் சொல்லாமல், சீட்டுகளை மாற்றி எழுதினான். பத்தொன்பது ‘நடக்கும்’. ஒரே ஒரு ‘நடக்காது’. அதையும் எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லையே என்று ஒன்றை மட்டும் விட்டுவைத்தான்.

அடேயப்பா, அந்த மூன்று ஞாயிறுகள்! ஞானதாசன் ராஜகுமாரியைக் கட்டினான். ஷிஜின் தூங்காமல் இருந்தான். ஷீஜாவின் வேஷம் ஒரு வைத்தியச்சி. குளோரி என்று பெயர் வைத்திருந்தாள். குளோரி தொட்டால் புண் ஆறியது, பூதத்துக்குக் காய்ச்சல் விட்டது. ஷீஜா வாய்விட்டுச் சிரித்தாள். ‘நடக்காது’ இரண்டு தடவைதான் வந்தது, இரண்டும் ஞானதாசனுக்கு. அவன் போட்ட கூப்பாட்டில் டின்னில் பாதிக்குப் பாதி அதுதான் இருக்கிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். மாடிப்படி இறங்கும்போது ஷிஜின் சுஜித்தின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான்.

நாலாவது ஞாயிறு. கோட்டைக் கதவைக் குளோரி திறக்க வேண்டும். ஷீஜா டின்னுக்குள் கையை விட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எடுத்தாள். பிரித்தாள். “நடக்காது” என்று மெல்லப் படித்துவிட்டு மடித்து உள்ளே போட்டாள். சுஜித் உடனே கதையைத் திருப்பி, கோட்டைக்குப் பின்பக்கம் இன்னொரு வாசல் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தான். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிஜின் கல்லூரி வாசலில் வந்து நின்றான். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

“மக்கா, வியாழக்கெழம மூணாவது தடவ வைக்கணும். மிச்சம் இருக்கதே அந்த ஒரு கருதான். அவ போவ மாட்டேங்கா.”

“ஏன்? என்னவாம்?”

“ஒனக்க டின்னுல கேட்டாளாம்டே. மனசுக்குள்ள அதக் கேட்டுத்தான் சீட்டெடுத்தாளாம். நடக்காதுன்னு வந்தாச்சி, இனி எதுக்கு ஒடம்பக் கீறணும்னு கேக்கா. நான் சொல்லிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். நீ வந்து சொல்லு. எழுதினவன் நீதானே.”

சுஜித் வீட்டுக்கு ஓடி டின்னை எடுத்துக்கொண்டு ஷிஜினின் பைக்கில் பின்னால் ஏறினான். தன் கையெழுத்தைக் காட்டுவோம், வெறும் காகிதம் என்று காட்டுவோம் என்பதுதான் அவன் எண்ணம். புத்தியிருந்தால் கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒன்பது சீட்டை ‘நடக்காது’ என்று மாற்றி எழுதியிருக்கலாம். முந்நூற்று இருபது பக்க விதி மனப்பாடமாக இருந்த மண்டைக்கு அது மட்டும் தோன்றவில்லை.

ஷீஜா மூன்று பேருக்கும் சாயா கொண்டு வந்து வைத்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. சுஜித் டின்னை மேஜையில் கவிழ்த்தான்.

“இது வெறும் பேப்பரும்மா. தன்யாவுக்க பழைய பரீட்ச பேப்பர்ல நான் கிழிச்சு எழுதினது. பின்பக்கம் பாரு, ஏழாங்கிளாஸ் சமூக அறிவியல்.”

அவள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். “பாவம், இந்தப் பிள்ளைக்கு முட்ட மார்க்கு போட்டிருக்காவளே” என்று லேசாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நானும் விடிய விடிய யோசிச்சேன் அண்ணா. கோயில்னா ஜெபம் சொல்லித்தான் எடுப்போம். இது வெளையாட்டு. பாதி அப்பிடி, பாதி இப்பிடி, ஏதோ ஒண்ணு கையில வந்து மாட்டிச்சி. அத மாதா சொன்னான்னு எப்பிடிச் சொல்ல முடியும்? காலையில எந்திரிக்கும்போ, போய்த்தான் பாப்போமேன்னு இருந்துச்சி.”

ஷிஜின் மூச்சு விட்டான். சுஜித்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, தப்பித்தோம்! சாயாக் கிளாஸை எடுத்தான்.

பேசிக்கொண்டே ஷீஜா கையிலிருந்த சீட்டைப் பிரித்தாள். ‘நடக்கும்.’ இன்னொன்று. ‘நடக்கும்.’ மூன்றாவதும் அதுதான். சுஜித் கிளாஸை வைத்துவிட்டுச் சீட்டுகளை வாரக் கை நீட்டினான்.

“போதும்மா, மடிச்சு வை. நான் எடுத்துட்டுப் போறேன்.”

“நிக்கட்டும் அண்ணா.”

“பாத்தியாட்டி, எல்லாம் நடக்கும்னுதான் வருது!” என்றான் ஷிஜின். அந்த அப்பாவி தானும் ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தான். ஏழு, எட்டு, ஒன்பது. நிறுத்துடா என்று சுஜித் உள்ளுக்குள் அலறினான். எதைச் சொல்லி நிறுத்துவது? பன்னிரண்டு, பதிமூன்று. ஷிஜினின் கை மெதுவாகிப் பிறகு நின்றேவிட்டது. ஷீஜா மட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சீட்டையும் மடிப்பு நீவிப் படித்து வைத்தாள். பத்தொன்பது ‘நடக்கும்’ மேஜையில் கிடந்தது. கடைசிச் சீட்டைப் பிரிக்காமலே உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருந்தியளா அண்ணா?”

“ஒனக்காவத்தான் ஷீஜா… நீ சிரிக்கணும்னு… நல்லதே வரட்டும்னு…”

“தெரியும் அண்ணா. எனக்கு நல்லதே வரணும்னு நீங்க பத்தொம்பது எழுதினிய. அத்தனையையும் தள்ளிட்டு எனக்க கை இத எடுத்திருக்கு.”

சுஜித் என்னென்னவோ சொன்னான். தற்செயல் என்றான், கணக்கு என்றான், யாருக்கும் வரலாம் என்றான், ஞானதாசனுக்கு இரண்டு தடவை வந்ததே என்றான். அவள் கோபமே படாமல் எல்லாவற்றையும் கேட்டாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீட்டுகளைத் திரும்ப மடித்து டின்னுக்குள் போட்டு, மூடியை இறுக்கி, அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க” என்றாள் ஷிஜினிடம். பிறகு சுஜித்தைப் பார்த்து, “சாயா ஆறிப்போச்சே அண்ணா, வேற போட்டுத் தரட்டா?” என்று கேட்டாள்.