ஆற்றங்கரையில் ஒரு ‘ஓம்’

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பதி, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர், என்னிடம் வந்து சொன்னார்கள். லண்டன் இல்ஃபோர்டில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடொன்றில் எழுத்தாளனாக இருப்பதன் வசதி இது. [தொல்லை என்றும் வாசிக்கலாம்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நவம்பர் உறைபனியில், வேல்ஸ் மலையாறு ஒன்றின் நடுவே நின்று தயாளினி தூண்டிலை வீச—

வாசித்துவிட்டு நிறுத்தியது பக்கத்து வீட்டுத் தயாளினி அக்காவேதான். “தம்பி, நவம்பரில ட்ரவுட் மீன் முட்டையிடும். பிடிக்கக் கூடாது. எங்கட ஆத்தில சீசன் செப்டெம்பரோட சரி. என்னைப் பொலிசில குடுக்கவோ கதை எழுதுறீர்?”

ஆகவே உறைபனி போயிற்று. செப்டெம்பர், சீசனின் கடைசிச் சனிக்கிழமை. பழுத்த இலைகள் ஆற்றோடு போகின்றன. அதுவும் மோசமில்லை.

2

றெஜினோல்ட் அண்ணை வீடுகளுக்கு மின்சார வேலை செய்பவர். அவர் மனைவி தயாளினி அக்கா ஒரு கவுன்சில் அலுவலகத்தில், பார்க்கிங் தண்டம் கிடைத்தவர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பவர். வாரம் முழுக்க ஊராரின் ஏச்சைக் கேட்பதே உத்தியோகம். ஒருமுறை அலுவலகச் சுற்றுலாவில் ஓர் ஆற்றைக் கண்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை விடியமுன் காரை எடுத்தால் வேல்ஸ்தான். திரும்பும்போது ஒரு மீனும் கொண்டுவருவதில்லை.

“பிடிக்கிற மீனை என்னப்பா செய்யிறனீர்?” என்று அண்ணை கேட்பார்.

“திருப்பி விடுறன்.”

“விடுறதுக்கோ இவ்வளவு தூரம் போறனீர்?”

[ஒரு வரைவில் அண்ணை மனைவியைச் சந்தேகப்பட்டார். வெட்டிவிட்டேன். நெஞ்சுவரை வரும் ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு கள்ளக் காதலுக்கு யாரும் போகமாட்டார்கள்.]

அவரை அரித்தது வேறு. அவருடைய சகோதரங்கள் எல்லோரும் கனடாவில், ரொறொன்ரோவில். வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடுவோமா என்று கோடையிலேயே கேட்டுவிட்டார். அக்கா ஓமென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. “பாப்பம்” என்றார். பிறகு கேட்டபோதும் “பாப்பம்.” வீட்டில் கிடைக்காத பதிலை ஆற்றங்கரையில் வாங்குவதென்று, அந்தக் கடைசிச் சனிக்கிழமை அண்ணையும் காரில் ஏறினார்.

3

அக்கா தூண்டில் நுனியில் இறகாலும் நூலாலும் செய்த பொய்ப்பூச்சியைக் கட்டினார். வீசினார். நூல் காற்றில் வளைந்து வந்து ஓசையில்லாமல் நீரில் படுத்தது. கரையில் மடிக்கதிரையில் இருந்த அண்ணைக்கு அது அழகாயிருந்தது. அதனாலேயே எரிச்சலும் வந்தது.

“இஞ்ச அப்பிடி என்னப்பா இருக்கு?”

“இஞ்ச ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை.”

தொண்டைவரை வந்த ரொறொன்ரோவை அண்ணை விழுங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தடி வில்லாக வளைந்தது. “பெருசப்பா! கைவலையைக் கொண்டு வாங்கோ, கெதியா!” மனைவி தன்னை உதவிக்குக் கூப்பிட்டு எவ்வளவு காலம்! அண்ணை கைவலையோடு சாதாரணச் சப்பாத்துடனேயே ஆற்றில் இறங்கினார். பாசிக்கல். கால் வழுக்கியது. ஆறு அவரைத் தூக்கிக்கொண்டு

[இந்த இடத்தில் நீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவர் தாழ்ந்துகொண்டிருக்கும்போது உவமை தேடுவது சரியில்லை.]

போனது. ஒரு தரம் வானம் தெரிந்தது. அடுத்த தரம் தண்ணீர். அதற்கடுத்த தரம் தயாளினி தெரிந்தார், இரண்டு கையும் வெறுங்கையாக. யாரையும் தொடவிடாத அந்தத் தூண்டில் தடியை விட்டுவிட்டு, நீரை உதைத்துக்கொண்டு வந்து அவருடைய ஜக்கெற் கொலரைப் பிடித்து இழுத்தார். தடியும் மீனும் ஆற்றோடு போய்விட்டன.

கரையில் அண்ணைக்குப் பல் கிடுகிடுத்தது. அக்கா தன் கோட்டால் அவரைச் சுற்றினார். பிறகு அண்ணை, புறப்படலாமா என்று கேட்டார்:

“வெளிக்கிடுவமே?”

“ஓம்” என்றார் அக்கா.

4

செவ்வாய்க்கிழமை அண்ணை முகம் மலர என்னிடம் வந்தார். “ஓம் எண்டிட்டாள்! வெளிக்கிடுவமே எண்டு கேட்டன், மறுக்கேல்லை. தடியையே விட்டிட்டாள், பிறகென்ன?” தமையனுக்கு அறிவித்தாயிற்று. வீட்டை விற்பதற்குப் படம் எடுக்கத் திங்கட்கிழமை ஆள் வரும். அக்காவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். “அவளை ஏன் அலைக்கழிப்பான்? எல்லாம் நானே பாக்கிறன்.”

பின்னொரு நாள் அக்கா வந்தார், என் கணினியில் புதுத் தூண்டில் தடி பார்க்க.

“அப்ப ரொறொன்ரோ, அக்கா?”

“அதை ஆர் கேட்டது? மனுசனுக்குக் குளிர், வீட்ட வெளிக்கிடுவமே எண்டார். ஓம் எண்டன்.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “அந்த நேரம் கேட்டிருந்தால் தம்பி, ரொறொன்ரோக்கும் ஓம் எண்டிருப்பன். அவரின்ர தலை தண்ணிக்குள்ள தாழுறதைக் கண்டனான். ஆனால் அவர் கேக்கேல்லையே.”

“இப்ப கேட்டால்?”

அக்கா திரைக்குத் திரும்பினார். “இது கொஞ்சம் நீளம், என்ன?”

5

முடிவுகள்:

அ. அண்ணையிடம் சொல்கிறேன். அவர் முகம்— [எழுத ஏலவில்லை.]

ஆ. அக்காவிடம் சொல்கிறேன். அவர் கோபத்தில் மாட்டேனென்று சொல்ல, அது கோபமா பதிலா என்று யாருக்கும் தெரியாமலே போகிறது.

இ. இருவரிடமும் இந்தக் கதையை வாசிக்கக் கொடுக்கிறேன். அண்ணை என் எழுத்தை வாசிப்பதில்லை. அக்கா பிழை பிடிக்க மட்டும் வாசிப்பார். முதற் பகுதிக்கு அப்பால் அவரிடம் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று திங்கட்கிழமை. கமராப் பையோடு ஒருவன் அவர்கள் வாசலில் நிற்கிறான். அண்ணையின் வான் வண்டியும் நிற்கிறது, அக்காவின் காரும் நிற்கிறது. மணி அடிக்கிறது. எங்கள் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ படியிறங்கும் சத்தம் கேட்கிறது. அண்ணை திறந்தால் ஒரு கதை, அக்கா திறந்தால் இன்னொன்று. இருவரும் ஒன்றாகத் திறந்து, வாசலில் வைத்தே அண்ணை ரொறொன்ரோவைப் பற்றிச் சரியாகக் கேட்டால் மூன்றாவது.

பேனாவை உங்களிடம் தருகிறேன். கெதியாக எழுதுங்கள். அவன் இரண்டாம் தரமும் மணியை அழுத்துகிறான்.