சிவப்பு டப்பா

அந்தக் கோப்பையை அவள் நான்காவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை எப்போதோ போய்விட்டது. கைதான் நிற்கமாட்டேன் என்றது.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஏழு மணிக்குக் காபி குடித்த மனிதர், எட்டரைக்கு நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தூக்கத்துல போயிருக்காரும்மா, கஷ்டப்படல" என்றார். கொடுத்துவைத்த சாவு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கடைசியாக என்ன குடித்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுத் தொலைக்கமாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருடம் ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். கேட்டால், "வீட்டுக்கு வந்தும் அந்தச் சனியன் மூஞ்சியில முழிக்கணுமா?" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சு படபடத்தது. கஃபீனைக் குறைக்கலாமே என்றார் டாக்டர். அவர் யோசனையாகச் சொன்னதை இவள் சட்டமாக்கிவிட்டாள். அன்று சாயங்காலமே தெருமுனைக் காபிக்கடைக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடை. கடைக்காரர் ஆறு சின்னக் கோப்பைகளை வரிசையாக வைத்தார். கஃபீனை முழுசாக எடுத்தது, பாதி எடுத்தது, பிறவியிலேயே குறைந்தது என்று விதவிதமாக.

அப்பா ஒரு வாய் வைத்தார். "இது காபி இல்லப்பா. காபி குளிச்ச தண்ணி."

அடுத்ததற்கும் முகம் சுளித்தார். "இது அந்தத் தண்ணியில துண்டு அலசினது."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. ஆறாவதைத்தான் அப்பா போனால் போகிறதென்று ஒத்துக்கொண்டார். "இது பரவாயில்ல. காபிக்கு ஒண்ணுவிட்ட தம்பி முறை ஆகும்."

அன்றிலிருந்து சமையலறையில் இரண்டு டப்பா. நீலம் அவருக்கு, சிவப்பு அவளுக்கு. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். காலையில் நல்ல காபி உள்ளே போகாவிட்டால் கை ஓடாது. சனிக்கிழமைதோறும் தூள் வாங்கிவந்து டப்பாக்களை நிரப்புவது அப்பா வேலை. காபி போடுவது மட்டும் அவள்தான், அதில் அவரை நம்பமாட்டாள்.

"ஒரு நாள் சிவப்புலேருந்து போட்டுக் குடேன்டி. செத்தா போயிடுவேன்?"

மூன்று வருடம் அவள் மசியவே இல்லை.

இன்று காலை மசிந்துவிட்டாள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவளுக்கு விடுமுறை, ஜன்னலில் நல்ல வெயில், பளிச்சென்று சவரம் செய்துகொண்டு வந்து நின்றார் அப்பா. பாவமாக இருந்தது. சிவப்பு டப்பாவைத் திறந்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா! இதுதான்டி காபி. மூணு வருஷமா மனுஷனைப் பட்டினி போட்டுட்டியே, பாவி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அக்கா, அதை வெச்சிட்டு வா. அப்பா பக்கத்துல வந்து உட்காரு." தம்பி சமையலறை வாசலில் நின்றான். காலையில் செய்தி கேட்டு, வேலையைப் போட்டது போட்டபடி வந்தவன்.

"வரேன், நீ போ" என்றாள். எந்த முகத்தோடு போய் உட்காருவாள்?

மத்தியானம் காபிக்கடைக்காரர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். அப்பாவைக் கும்பிட்டுவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பொட்டலம். "சனிக்கிழமையாச்சே, பத்து மணிக்கெல்லாம் வந்துடுவாரேன்னு அரைச்சு வெச்சிருந்தேன்மா. விஷயம் கேட்டதும் என்ன பண்றேன்னே தெரியல, கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

அவளுக்கு அதுவரை வராத அழுகை வந்துவிட்டது.

"நான்தாண்ணே அவரைக் கொன்னுட்டேன். காலையில சிவப்பு டப்பாலேருந்து போட்டுக் குடுத்தேன். என் தூளு."

அவர் புரியாமல் பார்த்தார். "உன் தூளா? அது ஏதும்மா தனியா? ரெண்டு டப்பாவுக்கும் இந்த ஒரே தூள்தானே. ரெண்டு வருஷமா."

அவள் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"புருஷன் வீட்டை விட்டு நீ வந்த புதுசுல, எம்பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்காம நடந்துக்கிட்டே இருக்கான்னு புலம்புவாரு. 'எனக்குன்னா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பா, தனக்குன்னா காதுலயே வாங்கமாட்டா'ன்னாரு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணினோம். உன் தூள்ல முதல்ல அவர் தூளைக் கால் பங்கு கலந்தேன். அடுத்த மாசம் பாதி. அப்புறம் முக்கால். கடைசியில முழுசும் அவரோடதுதான். கசப்பு குறைஞ்சா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு ஒரு சுற்று கூடுதலா வறுப்பேன். வாராவாரம் வந்து, 'இன்னும் மாட்டல'ன்னு சிரிப்பாரு."

இரண்டு வருடமாக அவள் நன்றாகத்தான் தூங்குகிறாள். "மனசு தேறிடுச்சுப்பா" என்று பெருமையாகச் சொன்னபோது அப்பா டப்பாவைத் துடைத்துக்கொண்டே, "உனக்கென்னடி, நீ கெட்டிக்காரி" என்றார்.

கடைக்காரர் பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கைச்சூட்டில் காகிதம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

தம்பி மறுபடியும் வந்தான். "அக்கா, தலை வெடிக்குது. ஒரு வாய் காபி குடேன். அப்பாவோட மருந்துக் காபி வேண்டாம், உன்னோடது போடு."

அவள் சிவப்பு டப்பாவைத் திறந்தாள். போட்டுக் கொடுத்தாள். அவன் நின்றபடியே ஒரு வாய் உறிஞ்சினான். கண்ணை மூடினான்.

"ஆகா, இதுதான்க்கா காபி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. முன்னறையில் பேச்சுக் குரல்கள் அடங்கின. தம்பி பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. குடி."

அவன் குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கித் தொட்டியில் போட்டாள். அதைக் கழுவவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.