மேஜர் லியாங் சொல்லாத வார்த்தை

ஷ்யாமளா டைப் அடித்த கடிதத்தில் அதுவரை ஒரு கமா தப்பியதில்லை. தப்பியது 1943 ஆகஸ்டில். அதுவும் ஒரு சீன மேஜரின் கடிதத்தில்.

மாட்டுங்காவில் வீடு. பல்லார்ட் எஸ்டேட்டில், ராணுவ மருந்துக் கிடங்கின் ஆபீஸில் ஸ்டெனோ வேலை. கணவன் பஞ்சாபகேசன் ராணுவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அஸ்ஸாம் பக்கம் எங்கோ இருந்தான். ஏழு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. அவன் கிளம்பிய அன்று வி.டி. ஸ்டேஷனில் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்துவிட, பதற்றத்தில் "போறேன் ஷ்யாமு!" என்று கத்திவிட்டான். 'போயிட்டு வரேன்' என்பதல்லவா முறை? "வரேன்னு சொல்லலையேடி அவன்" என்று மாமியார் சுப்புலக்ஷ்மி அன்று ஆரம்பித்த புலம்பல் இன்னும் ஓயவில்லை. ஷ்யாமளாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேஜர் லியாங், பீகாரில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த சீனப் படையிலிருந்து வந்தவர். பர்மாக் காட்டுக்குள் இறங்கப் போகிறவர்களுக்கு மலேரியா மாத்திரை வேண்டும். பிரிட்டனும் சீனாவும் ஒரே அணி என்று பத்திரிகைகள் படத்தோடு போட்டிருந்தன. அந்த அணியில் பாதி, கிடங்கு அதிகாரி கர்னல் ஹார்வுட்டின் அறை வாசல் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஒரு டீ கொடுக்க நாதியில்லை. கடைசியில் கர்னல் நாலு நிமிஷம் பார்த்து, கையிருப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையிருப்பு இருந்தது. பட்டியல் அடித்தவளே ஷ்யாமளாதான்.

மேஜர் நேரே அவள் மேஜைக்கு வந்தார். கர்னலுக்கு ஒரு கடிதம் என்று, கோபத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னார்: "உங்கள் நிலைமை புரிந்தது. நாளை போகிறேன்." அவ்வளவே. அவள் அடித்துக் கொடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

கார்பன் நகலை ஃபைலில் சேர்க்கும்போதுதான் பார்த்தாள். 'நாளை போய்விட்டு வருகிறேன்' என்று இருந்தது, சுத்தமான இங்கிலீஷில்.

நகலும் கையுமாக எழுந்து ஓடினாள். "வானமாமலை, அந்தக் கடுதாசியைக் கர்னல்கிட்ட குடுத்துட்டேளா?"

"அப்பவே குடுத்துட்டம்லா தாயி" என்றார் தாராவியிலிருந்து வரும் பியூன். "ரெண்டு தடவ படிச்சாரு. மொகமே ஒரு மாதிரி ஆயிட்டு."

மறுநாள் காலையில் கர்னல் அவளைக் கூப்பிட்டு மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். மேஜரின் ஹோட்டலுக்குக் கார் போயிற்று. இவ்வளவு அவமதித்தும் ஒரு மனிதன் திரும்ப வருகிறேன் என்கிறானே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. மேஜரும் வந்தார். இரண்டு கோப்பை டீ உள்ளே போயிற்று. அது ஆறுவதற்குள் வானமாமலை வெளியே ஓடிவந்தார்.

"தாயி, ரெண்டு பேரும் ஒங்களக் கூப்பிடுதாவ. அந்தக் கடுதாசி மேசையில கெடக்கு."

திரும்ப வருவதாக மேஜர் சொல்லவே இல்லையாமே, யார் சேர்த்தது என்று கர்னல் கேட்டார். யுத்தகாலம். ராணுவக் கடிதத்தில் கை வைத்தால் வேலையோடு போகாது, ஜெயில்தான். காதில் அப்படித்தான் விழுந்தது என்று சாதித்திருக்கலாம். ஷ்யாமளாவுக்குப் பொய் வரவில்லை.

"எங்கள் பேச்சில் யாரும் 'போகிறேன்' என்று விடைபெற மாட்டோம், சார். போனவர் திரும்ப வேண்டும் என்று, 'போய் வருகிறேன்' என்போம். என் கணவர் அதைச் சொல்லாமல் போய்விட்டார். ஏழு மாதமாகத் தகவல் இல்லை. நான் வேண்டுமென்று மாற்றவில்லை. என் கை அடித்துவிட்டது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேஜர் கடிதத்தை எடுத்து முதன்முறையாக முழுக்கப் படித்தார். பிறகு அதைக் கர்னல் பக்கம் தள்ளினார்.

"இது என் கடிதம்தான். நான் வெறுங்கையோடு போயிருந்தால் என் ஆட்கள் காய்ச்சலில் செத்திருப்பார்கள். வருகிறேன் என்று எழுதியிருக்கிறது, வந்திருக்கிறேன். மாத்திரையைப் பற்றிப் பேசுவோமா?"

பேசினார்கள். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. கிளம்பும்போது மேஜர் பஞ்சாபகேசனின் பெயரை நாலு முறை சொல்லச் சொல்லி, தன் நோட்டில் சீன எழுத்தில் குறித்துக்கொண்டார். 'பன்ஜாபா' என்பதற்குமேல் அவர் வாயில் வரவில்லை. ஷ்யாமளா பெரிதாக ஆசைப்படவில்லை. தேடிக் கண்டுபிடிக்க அஸ்ஸாம் என்ன தாராவியா?

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. பஞ்சாபகேசனின் கையெழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. ஷ்யாமளா அதை மாமியாருக்கு உரக்கப் படித்தாள்.

'ஷ்யாமு, எனக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். மூன்று ஆஸ்பத்திரி மாற்றிவிட்டார்கள். நான் எழுதியவை எங்கே போயினவோ தெரியாது. போன வாரம் மாத்திரைப் பெட்டிகளோடு வந்த சீன ஆபீசர் ஒருவர், வார்டு வார்டாக "பன்ஜாபா, பன்ஜாபா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாரோ பஞ்சாபியைத் தேடுகிறார் பாவம் என்று நானே நாலு சர்தார்ஜிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கடைசியில் என் கட்டிலில் தொங்கிய சீட்டைப் படித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டவர், வெகுநேரம் விடவேயில்லை. உன் பெயரைச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது. இப்போது தேவலை, கஞ்சி குடிக்கிறேன். அவர் எனக்கு என்ன உறவு என்று வார்டில் எல்லோரும் துளைக்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?'

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்து, அதற்குமேல் எழுத்துத் தெரியவில்லை. சுப்புலக்ஷ்மி புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். யோசிக்கவே இல்லை.

"அண்ணான்னு சொல்லச் சொல்லு" என்றாள்.