கழிவு என்றால் என்ன?

1

இந்தக் கதை போன செவ்வாய்க்கிழமை, போனில், என் வாயிலிருந்து பிறந்தது. என் மகள் ஷ்ருதி செம்பூரில் ஒரு சாயப்பொடித் தொழிற்சாலையைச் சோதிக்கப் போயிருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டு, "அம்மா, கழிவுன்னா என்ன?" என்றாள். நான் என் சிறுகதைத் தொகுப்பின் விலைப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "கழிக்கறதுடீ. புஸ்தகத்துக்குப் பத்து பர்சென்ட் கழிவுன்னு போடுவாளே, அது" என்றேன்.

அகிலாண்டம் என்ற பெயரில் முப்பது வருடமாக எழுதுகிறேன். மாதுங்காவில் ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். [பெருமை. பிறகு வெட்ட வேண்டும்.]

2

ஒரு கிலோ சரக்கு செய்ய எத்தனை கிலோ குப்பை விழுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. பெயர் ஈ ஃபேக்டர். முதலில் கேட்டபோது "ஈயா, கொசுவா?" என்று கேலி செய்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் எண்ணூறு கிலோ உள்ளே போய் நூறு கிலோ சாயப்பொடி வருகிறது; மீதி எழுநூறும் குப்பை. நூறால் வகுத்தால் ஏழு. ஷ்ருதியின் கம்பெனி ஆறுக்கு மேல் பசுமைச் சான்றிதழ் தராது. ஆனால் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் சால்வென்ட்டை, அதாவது கரைப்பானை, குப்பையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

அங்கே டிரம் உருட்டுகிறவர் தமிழில் நோட்டு எழுதுகிறார். 'சால்வென்ட் 200 கிலோ கழிவு.' நான் சொன்ன அர்த்தத்தில் ஷ்ருதி எழுநூறிலிருந்து இருநூறைக் கழித்தாள். ஐந்து வந்தது. நேற்றுச் சாப்பிடும்போது சந்தோஷமாகச் சொல்லி, நோட்டின் போட்டோவையும் காட்டினாள். அவர் எழுதியிருந்த கழிவு தள்ளுபடி இல்லை, குப்பை.

3

டிரம் உருட்டும் கணேசபாண்டியன்* இருமிக்கொண்டே தொழிற்சாலைச் சாக்கடையான நாலா ஓரமாக நடந்தார். கறுத்த தண்ணீரில் அவருடைய

இல்லை. இவரை இருமவைத்தால் உங்களுக்குக் கண் கலங்கும், என் தப்பு அதில் கரைந்துவிடும். இவர் இருமவில்லை. தாராவியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிற திருநெல்வேலிக்காரர், அவ்வளவுதான். என் தாளில் வந்து நின்று கேட்கிறார்: "சாக்கடைக்குப் போச்சுன்னு நான் வெவரமாத்தானம்மா எளுதியிருக்கேன். படிச்சவுகளுக்கு வெளங்கலன்னா நான் என்ன செய்யட்டும்?"

(* அவர் பெயர் எனக்குத் தெரியாது. இது நான் வைத்தது. கையெழுத்து மட்டும் நிஜம். முத்து முத்தாக இருந்தது.)

4

முடிவுகள்:

அ) இன்று பதினொரு மணிக்கு ஷ்ருதி கையெழுத்துப் போடுகிறாள். அவள் தனியாகச் செய்த முதல் அறிக்கை, வேலை நிரந்தரமாகிறது. சான்றிதழைக் காட்டித் தொழிற்சாலை இரண்டு மடங்கு ஓடுகிறது. இருநூறு போன நாலாவில் நானூறு போகிறது.

ஆ) நான் சொல்கிறேன். எழுத்தாளர் அகிலாண்டத்துக்குக் 'கழிவு' தெரியவில்லை என்பது ஊருக்குத் தெரிகிறது. அவள் வேலை போகிறது. [போகாமலும் இருக்கலாம். பயத்தில் எழுதுகிறேன்.]

இ) வேறு யாரோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். [கோழையின் முடிவு. அடித்துவிட்டேன்.]

5

மணி எட்டு இருபது. நேற்றே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷ்ருதிக்குத் தமிழ் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. நோட்டைக்கூட ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படித்திருப்பாள். அந்தத் தைரியத்தில்தான் அவள் கண்ணெதிரிலேயே எழுத முடிகிறது.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். யோசித்தால், அதுவும் என் வீட்டுக் குப்பையை உங்கள் வாசலில் கொட்டுவதுதான்.

ஷ்ருதி வாசலில் செருப்பை மாட்டுகிறாள்.

"அம்மா, கார்த்தாலேர்ந்து என்ன எழுதறே?"

"கதை."

"சரி, அந்த வார்த்தை பக்காதானே? கழிவுன்னா கழிச்சுடறதுதானே?"

நான் இந்த வரியை எழுதுகிறேன்.

"சொல்லும்மா, டிரெயின் போயிடும்."

இதற்கு மேல் எழுதினால் அது கதைதான். பேனாவை மூடிவிட்டு அவளிடம் சொல்லப் போகிறேன்.